கட்டட அனுமதி கீழே, காட்டதிகாரம் மேலே: சேர்வராயன் மலையும் அதிகாரப் பரவலாக்கமும்

ஏற்காட்டு மலைச்சரிவில் புதிதாக ஒரு விடுதி எழும்போதும், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரியும்போதும், கோடையில் அடிவாரத்துக் காட்டில் தீப்பிடிக்கும்போதும் சேலத்தில் இரண்டு பேச்சுகள் ஒருசேரக் கேட்கின்றன. ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்ததால்தான் மலை இப்படிக் கெட்டது என்பார் ஒருவர். ஊராட்சிக்கு அதிகாரமே கிடையாது, வனத்துறையும் கலெக்டர் அலுவலகமும் வைத்ததுதான் சட்டம் என்பார் இன்னொருவர். இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. மலை நிலம் தொடர்பான அதிகாரங்களில் எது கீழே வந்தது, எது மேலேயே நின்றுவிட்டது என்று பிரித்துப் பார்க்காதவரை இக்குழப்பம் தீராது. அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கான அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிகாரப் பரவலாக்கம்: ஒரே பெயரில் மூன்று ஏற்பாடுகள்

அரசின் பொறுப்பு தலைநகரை விட்டுக் கீழ்நிலைக்குச் செல்வதை எல்லாம் பொதுவாக அதிகாரப் பரவலாக்கம் என்கிறோம். ஆனால் அதற்குள் தன்மையில் வேறுபட்ட மூன்று ஏற்பாடுகள் உள்ளன.

1. நிர்வாகப் பரவல். சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகம் எடுத்துவந்த முடிவை மாவட்ட வன அலுவலரோ வனச்சரகரோ எடுக்கலாம் என்று ஆணையிடுவது. கோப்பு விரைவாக நகரும். ஆனால் அந்த அலுவலர் பதில் சொல்வது தமக்கு மேலிருப்பவருக்கே. மலையில் வாழ்பவருக்கு அல்ல.

2. பணி ஒப்படைப்பு. காட்டைப் பாதுகாக்கும் வேலையில் மக்களைச் சேர்த்துக்கொண்டு, முடிவெடுக்கும் உரிமையைத் துறையே வைத்துக்கொள்வது. 1990 ஜூனில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலால் தொடங்கிய கூட்டு வன மேலாண்மை இந்த வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் ஊர்தோறும் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. அவை அரசாணையால் பிறந்தவை. திட்ட நிதி நின்றபோது பல இடங்களில் குழுவும் பெயரளவில் நின்றது.

3. அதிகாரப் பகிர்வு. மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்புக்கோ மக்களே கூடும் சபைக்கோ சட்டத்தின் வழியாக உரிமையை அளிப்பது. அரசாணை ஒன்றால் இதனைத் திரும்பப் பெற முடியாது.

எனவே ஒரு திட்டத்தின் பெயரில் மக்கள் பங்கேற்பு என்ற சொல் இருப்பது போதாது. எந்த அதிகாரம் வந்தது, யாரிடம் வந்தது, அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அதோடு பணமும் வந்ததா என்ற நான்கையும் கேட்டாக வேண்டும். நான்காவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மலையைப் பொறுத்தவரை எனக்கு அதுவே முதற்கேள்வியாகப் படுகிறது.

எதிரெதிர்த் திசையில் நகர்ந்த இரு சட்டப் போக்குகள்

அரசமைப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது காடு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளில் அடங்கும் நிலம் அனைத்துக்கும், அது யாருடைய உடைமையானாலும், அச்சட்டம் பொருந்தும் என்று ஆணையிட்டது. ஆக, இருபது ஆண்டுகளில் காடு பற்றிய முடிவு சென்னையிலிருந்து டெல்லிக்கு நகர்ந்தது.

இதே காலத்தில்தான் உள்ளாட்சி எதிர்த்திசையில் நகர்ந்தது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி அளித்தது. அதன் பதினொன்றாம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் சமூகக் காடு வளர்ப்பு, சிறு வனப் பொருள்கள், மண்வளப் பாதுகாப்பு, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு ஆகியவை இருக்கின்றன. வனத்துறையின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள காப்புக்காடு அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கும் பொருள்களையும் ஊராட்சிகளிடம் தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் தரலாம் என்பதே அத்திருத்தத்தின் நடை.

பழங்குடிப் பகுதிகளுக்கு இந்தக் குறையைச் சரிசெய்யவே, ஊராட்சி முறையை அப்பகுதிகளுக்கு விரிவுபடுத்தும் பெசா சட்டம் 1996இல் வந்தது. சிறு வனப் பொருள்களின் உடைமையைக் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அது தருகிறது. ஆனால் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே அது செல்லும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை எனப் பழங்குடி மலையாளி மக்கள் வாழும் மலைகள் எதற்கும் பெசாவின் பாதுகாப்புக் கிடையாது.

ஏற்காட்டில் எந்த முடிவு யாரிடம்

ஏற்காடு வட்டம் சுமார் 383 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இங்குள்ள நிலத்தை நான்காகப் பிரிக்கலாம்: ஊரில் ஆர்.எஃப். என்றே சொல்லப்படும் காப்புக்காடு, வருவாய்த் துறையின் புறம்போக்கு, மலைவாழ் மக்களின் பட்டா நிலம், எஸ்டேட் நிலம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து மலையின் மேற்பரப்பில் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. சில்வர் ஓக் நிழலில் காப்பியும், மரத்தில் ஏற்றிய மிளகும் உள்ள தோட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் காடு என்றே எண்ணுவார். மழைநீரை மண்ணில் இறக்கும் வேலையை ஓரளவு அதுவும் செய்கிறது. அந்த நிழலை நீக்கி மனையாகவும் விடுதியாகவும் மாற்றுவதே இன்று மலையில் நடக்கும் பெரிய நிலப் பயன்பாட்டு மாற்றம். அது நடப்பது காப்புக்காட்டுக்கு வெளியே.

காப்புக்காட்டில் முடிவெடுப்பது 1882இன் வனச் சட்டத்தின்கீழ் வனத்துறை. தனியார் நிலத்து மரங்களுக்கு 1949இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955இன் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் உள்ளன; வெட்டுவதற்கான அனுமதியை மாவட்ட அளவிலான குழு பரிசீலிக்கிறது. மலை நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு, மக்கள் ஹாகா என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். 1990இல் அமைக்கப்பட்ட அக்குழுமம் மாநில அளவில் இயங்குவது.

ஊராட்சிக்கு என்ன மிஞ்சுகிறது? குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு. வருவாய்க்கு வீட்டு வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம், நிலப் பத்திரம் பதிவாகும்போது வசூலாகும் முத்திரைத் தீர்வைக் கூடுதல் வரியில் பங்கு, சிறு கனிமம் வெட்டினால் வரும் உரிமைத் தொகை. இந்த வருவாய்ப் பட்டியலை நிதானமாகப் படித்தால் மலையின் சிக்கல் அதிலேயே தெரியும். நிலம் கைமாறினால் ஊராட்சிக்குப் பணம் வருகிறது. கட்டடம் எழுந்தால் வருகிறது. கல் உடைத்தால் வருகிறது. காடு நின்றால் ஒரு காசும் வருவதில்லை. நிலத்தை மாற்றுவதால் கிடைக்கும் பயன் கீழே வந்துவிட்டது. நிலத்தைக் காப்பதற்கான அதிகாரம் மேலேயே இருக்கிறது. நல்லெண்ணம் கொண்ட ஊராட்சித் தலைவர் ஒருவர் வந்தாலும் இந்த அமைப்பு அவரைக் கட்டடத்தின் பக்கமே தள்ளும்.

இந்தோனேசியா: வெட்டும் உரிமை மட்டும் கீழே வந்தபோது

இந்தக் கோணல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தோனேசியாவின் அனுபவம் அழுத்தமான சான்று. 1998இல் சுகார்த்தோவின் 32 ஆண்டு ஆட்சி முடிந்தது. அதுவரை ஜகார்த்தாவின் நெருங்கிய வட்டத்துக்கே போய்க்கொண்டிருந்த காட்டு வருவாயில் மாவட்டங்கள் பங்கு கேட்டன. 1999இன் 22ஆம் எண் சட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்து மாவட்டங்களுக்குப் பரந்த அதிகாரம் தந்தது. புபாத்தி எனப்படும் மாவட்டத் தலைவர்கள் 100 ஹெக்டேர் அளவில் மரம் வெட்டும் உரிமங்களைத் தாமே வழங்கலாம் என்றானது. உரிமங்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. 2002இல் மத்திய அரசு அந்த உரிமையைத் திரும்பப் பெற்றது. ஆனால் பல மாவட்டங்கள் உடனே அடங்கவில்லை.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. சுமார் 300 ஆக இருந்த மாவட்டங்கள் பிரிந்து பிரிந்து ஏறத்தாழ பத்தாண்டுகளில் 500 அளவுக்கு வந்தன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஒரு மாகாணத்துக்குள் மாவட்டங்களின் எண்ணிக்கை கூடியபோது அங்கே காடழிவும் கூடியதைக் கண்டனர். ஒரே மரச் சந்தையில் விற்கப் பலர் போட்டியிட்டதால் விலை இறங்கியதும் உள்ளூர் மரவிலைத் தரவுகளில் தெரிந்தது. இறுதியாக 2014இன் 23ஆம் எண் சட்டம் காட்டு நிர்வாகத்தை மாவட்டங்களிடமிருந்து மாகாணங்களுக்கு மாற்றியது.

இதைக் காட்டி உள்ளாட்சியே காட்டுக்கு எதிரி என்பார் உண்டு. அது தவறான முடிவு. இந்தோனேசியாவில் மாவட்டத் தலைவருக்கு வந்தது வெட்டுவதற்கான உரிமமும் அதனால் வரும் கட்டணமும். காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த மரபுவழிச் சமூகங்களுக்கு எதுவும் வரவில்லை. அவர்களின் காடு அரசுக் காடு அல்ல என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2013இல்தான்.

பிரேசிலும் பொலிவியாவும்

பிரேசிலின் அமேசானில் 2004இல் ஓராண்டில் அழிந்த காடு 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2012இல் அது 5,000க்கும் கீழே வந்தது. இதன் முதற்காரணம் மத்திய அரசின் உறுதிதான்: 2004இல் தொடங்கிய செயல்திட்டம், அழிவு நடக்கும்போதே எச்சரிக்கும் செயற்கைக்கோள் கண்காணிப்பு, களத்தில் அபராதம். ஆனால் 2008இல் எடுக்கப்பட்ட நடவடிக்கை நமக்குப் பாடமாகும். அதிகம் காடழித்த 36 நகராட்சிகளின் பெயர்களை மத்திய அரசு வெளியிட்டது. விதிகளுக்கு உட்பட்டதற்குச் சான்று காட்டாத பண்ணைகளுக்கு அமேசான் பகுதியில் வங்கிக் கடன் கட்டுப்படுத்தப்பட்டது. பட்டியலில் இருந்த பாரகோமினாஸ் நகராட்சியில் மேயரும் பண்ணையாளர் சங்கமும் கூடி, காடழிப்பை நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டனர். பண்ணை எல்லைகளைப் பதிவேட்டில் ஏற்றினர். 2010இல் பட்டியலிலிருந்து முதலாவதாக வெளியேறினர். மேலிருந்து வந்த நெருக்கடி இல்லாமல் அந்த மேயர் அசைந்திருக்க மாட்டார். அதே சமயம் பண்ணையாளர்களை ஒரு மேசையில் உட்காரவைக்கும் வேலையைத் தலைநகரால் செய்திருக்கவும் முடியாது.

பொலிவியா 1994இல் நகராட்சிகளுக்கு நிதியும் பொறுப்பும் தந்து, 1996இன் வனச் சட்டத்தில் காட்டு உரிமைத் தொகையில் 25 சதவீதத்தையும் ஒதுக்கியது. அதனை அதிகாரத்தை மையத்திலேயே வைத்திருந்த பெருவுடன் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, காட்டைப் பயன்படுத்தும் மக்கள் குழுக்கள் நகராட்சியோடு இடையறாது பேசிவந்த இடங்களில்தான் பரவலாக்கம் காடழிவைக் குறைக்க உதவியது என்று காட்டியது. கேள்வி கேட்கும் மக்கள் இல்லாத ஊரில் அதிகாரம் கீழே வந்தும் பயனில்லை.

கிராம சபையும் வன உரிமைச் சட்டமும்

தமிழ்நாட்டில் அதிகாரப் பகிர்வு என்ற மூன்றாம் வகைக்கு மலைமக்களிடம் இருக்கும் ஒரே வலுவான கருவி 2006இன் வன உரிமைச் சட்டம். ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செல்லும். தனிநபர் பட்டா தரும் சட்டம் என்றே அதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பழங்குடியினர் சாகுபடி செய்துவந்த காட்டு நிலத்துக்கு, 4 ஹெக்டேருக்கு மிகாமல், உரிமை தருவது அதன் ஒரு பகுதி மட்டுமே. ஊர் மக்கள் மரபாகக் காத்துப் பயன்படுத்திய காட்டைச் சமூக வன வளமாக அறிவித்து, அதை நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்கு அளிப்பது இன்னொரு பகுதி. நிலப் பயன்பாட்டைப் பொறுத்தவரை இரண்டாவதே பெரிது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகா கிராமம் 2009இல் அந்த உரிமையைப் பெற்றது. 2011இல் தன் மூங்கிலை வெளியே அனுப்பும் பயண அனுமதிச் சீட்டைக் கிராம சபையே வழங்கத் தொடங்கியது. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கேட்கும்படி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன; சுரங்கத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல்லாண்டுகள் பாக்சைட் வெட்டப்பட்டதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குத்தகைகள் தரப்பட்டபோது மலையூர் எதனிடமும் ஒப்புதல் கேட்கும் சட்டம் இல்லை.

இச்சட்டம் இங்கே நடைமுறைக்கு வருவதில் உள்ள சிக்கல் மிக எளிமையான ஓர் இடத்தில் தொடங்குகிறது: கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பதில். தமிழ்நாட்டின் ஊராட்சி விதிப்படி 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியின் கிராம சபைக்கு 200 பேர் வந்தால் போதும். வன உரிமைத் தீர்மானத்துக்கோ சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். ஏற்காடு ஒன்றியத்தில் 60க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் 9 ஊராட்சிகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வாழவந்தி, மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளின் கடைக்கோடி ஊரிலிருந்து, தோட்டக்கூலியை விட்டுவிட்டு, மலைப்பாதையில் நடந்து வந்து பாதிப்பேர் ஓரிடத்தில் கூடுவது நடக்கிற காரியமல்ல. இதனை உணர்ந்தே பழங்குடியினர் நல அமைச்சகம் 2012 ஜூலையில், ஊராட்சி அளவில் கூட்டாமல் குக்கிராமம் அல்லது வருவாய்க் கிராம அளவில் சபையைக் கூட்டும்படி மாநிலங்களை அறிவுறுத்தியது. ஊருக்கு ஊர் தனிச் சபை என்பது சலுகை அன்று. அப்படிக் கூடாவிட்டால் சட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

சபையின் பொருள் நிரலும் பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் சபையில் வரவு செலவு, குடிநீர், டெங்கு தடுப்பு, நெகிழித் தடை, மழைநீர்ச் சேகரிப்பு என்று மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே பட்டியல் வாசிக்கப்படுகிறது. சமவெளி ஊருக்கும் மலையூருக்கும் வேறுபாடில்லை. காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்குவதோ, தீத்தடுப்புக் கோடு வெட்டுவதோ, கடுக்காய் ஏலமோ அதில் தானாக வருவதில்லை. உறுப்பினர்கள் கேட்டுச் சேர்த்தால்தான் வரும். தேர்ந்தெடுத்த தலைவர்களே இல்லாத காலமும் உண்டு: 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் தேர்தல் முடியும்வரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர், அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது சேலம் மாவட்ட ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடமே சென்றன. அக்காலங்களில் இருப்பது நாம் முதலில் பார்த்த நிர்வாகப் பரவல் மட்டுமே.

மலை ஊராட்சி ஒன்றைப் பேரூராட்சியாகத் தரம் உயர்த்தும்போதும் இந்தக் கேள்வி எழும். நகர்ப்புற அமைப்புகளில் பகுதி சபைகள் உண்டு. ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை கிடையாது. தரம் உயர்வது நிதிக்கு நல்லதாக இருக்கலாம். அதற்கு முன்பே சமூக வன உரிமைக் கோரிக்கைகளை முடித்துவிடுவது மலைமக்களுக்குப் பாதுகாப்பு.

தீர்மானத்தின் வலு எவ்வளவு

கிராம சபைத் தீர்மானம் எதையும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. சேலம் – சென்னை எட்டு வழிச்சாலை அதற்கு விடை சொல்லும். 2013இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கிராம சபையைக் கலந்தாலோசிப்பதையும் கேட்கிறது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்தப் பகுதிகளிலிருந்து விலக்கு இருக்கிறது. அத்திட்டத்தின் நில எடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரலில் ரத்து செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிய அறிவிப்புடன் தொடரலாம் என்றது. இந்த வாதங்களில் ஊர்த் தீர்மானங்கள் தீர்க்கும் ஆதாரமாக நிற்கவில்லை. காட்டு நிலத்தை மாற்றுவதிலும் பாதுகாப்பு தளர்ந்திருக்கிறது: 2009 ஆகஸ்டில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகமே கிராம சபையின் ஒப்புதலை முன்நிபந்தனையாக்கியது, 2022இன் விதிகளோ ஒன்றிய அரசு இறுதி அனுமதி அளித்தபின், வன உரிமைகள் தீர்க்கப்பட்டதா என்று பார்ப்பதை மாநில அரசின் பொறுப்பாக்கின. அனுமதி வந்தபின் கேட்கப்படும் ஒப்புதலை ஒப்புதல் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

மலையில் எடுக்கும் முடிவு, சமவெளியில் ஓடும் தண்ணீர்

அப்படியானால் எல்லா அதிகாரத்தையும் மலையூருக்கே கொடுத்துவிடலாமா? கூடாது. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்துக்குப் போகிறது; சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியைச் சேர்கிறது; வடக்கே இறங்கும் வாணியாறு தருமபுரி மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. மேலே ஒரு சோலை நீங்கினால் இழப்பு கீழே உள்ளவருக்கும் வருகிறது. அவருக்கு மலையூர்ச் சபையில் வாக்கு இல்லை. ஆகவே மலைக்கு வெளியே பாதிப்பு செல்லும் முடிவுகளுக்கு மாவட்டமும் மாநிலமும் எல்லை வகுப்பது நியாயம். ஹாகா போன்ற அமைப்பு தேவைப்படுவது இதற்காகவே. அதன் குறை மேலே இருப்பதல்ல. விண்ணப்பம் தந்தவருக்கும் அலுவலர்களுக்கும் இடையில் நடக்கும் பரிசீலனையில், அந்தச் சரிவில் வாழும் ஊருக்கு இடமில்லாமல் இருப்பதே.

ஆனால் கீழே உள்ளவர்கள் எல்லை வகுக்க உரிமை கேட்டால், அந்த எல்லைக்குள் நிற்பதால் மலையூருக்கு வரும் இழப்பையும் அவர்கள் ஏற்றாக வேண்டும். மாநிலங்களுக்கு இது ஏற்கெனவே நடக்கிறது. 14ஆவது நிதி ஆணையம் மாநிலங்களுக்கு வரியைப் பங்கிடும் அளவுகோலில் காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை தந்தது. 15ஆவது ஆணையம் அதை 10 சதவீதமாக்கியது. அந்த வழியில் சென்னைக்கு வரும் பங்கு, காட்டைச் சுமக்கும் ஊராட்சிக்கு அதே அளவுகோலில் இறங்குவதில்லை. பிரேசிலின் பரானா மாநிலம் 1991இலேயே இதற்கு வழி கண்டது: விற்பனை வரியில் நகராட்சிகளுக்குப் பிரித்துத் தரும் பங்கில் 5 சதவீதத்தைச் சூழலுக்கென ஒதுக்கி, அதில் ஒரு பாதியைப் பாதுகாக்கப்பட்ட காடு உள்ள நகராட்சிகளுக்கும், மறுபாதியை அண்டை நகரங்களுக்குக் குடிநீர் தரும் நீர்ப்பிடிப்பு நிலம் உள்ள நகராட்சிகளுக்கும் கொடுத்தது. இங்கே அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையம், ஊராட்சிகளுக்கான பகிர்வில் காப்புக்காட்டுப் பரப்பையும் ஓர் அளவுகோலாகப் பரிந்துரைத்தால், ஏற்காட்டின் 9 ஊராட்சிகளுக்கும் காடு நிற்பதால் வரும் முதல் வருவாய் அதுவாக இருக்கும்.